ஒண்ணு ரெண்டு மூணு சொன்ன பூட்டு

இல்லைங்கண்ணே, அதைக் குப்பைப் பையில போட்டுடாதீங்க. இப்படிக் குடுங்க, நான் வெச்சுக்கறேன். எதுக்கா? சும்மாத்தான். கூடவே கெடந்து செஞ்ச பொருள், தூக்கிப் போட மனசு வரலை. இல்லைங்க, விளையாட்டுக்குச் சொல்லலை, நிஜமாத்தான். இந்தப் பூட்டுக் கம்பெனியிலதான் நான் வேலை பாக்கறேன். சிரிப்பு வருதா? சிரிங்க, சிரிங்க. எலக்ட்ரானிக் பூட்டு செய்யறவ வீட்டுல அதைப் பேத்துட்டு இரும்புப் பூட்டு மாட்டறாங்கன்னா சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஓட்டை அவ்வளவு பெருசா இருக்கா? மரத்துண்டு செதுக்கி அடைச்சுட்டுத்தான் புதுசு மாட்டணுமா. சரி, செய்ங்க. பசை காயற வரைக்கும் காயட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. நாலு மணிக்கு ஆபீஸ்ல இருக்கணும், என் தம்பி கார் எடுத்துக்கிட்டு வர்றேன்னிருக்கான். அதுவரைக்கும் நீங்களும் நானும் இந்தக் கதவும்தான். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க, எவ்வளவு நேரம் குந்திக்கிட்டே வேலை பாப்பீங்க.

லீவெல்லாம் இல்லைங்க. வீட்டுல உக்கார வெச்சிருக்காங்க. விசாரணை முடியற வரைக்கும் இந்தப் பக்கமே வராதேன்னுட்டாங்க. இன்னைக்கு நாலு மணியோட அது முடியுது. பெரியவங்க முன்னாடி போய் உக்காந்து, இந்தப் பூட்டு கெட்டதுக்கு நான்தான் பொறுப்பு, தெரிஞ்சேதான் விட்டேன்னு என் வாயால சொல்லணும். சொன்னா என் வேலை போயிடும். வேலை மட்டுமா, இந்தத் தொழில்லயே எவனும் வாசல்ல சேக்க மாட்டான். சொல்லலைன்னா என் தம்பி வேலை போயிடும். சொல்றேன்னு ஒத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அட, நான் செஞ்சிருந்தா இவ்வளவு பேச்சு எதுக்கு? செஞ்சேன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு இருப்பேன்ல. நீங்களும் பூட்டுக்காரர், கேளுங்க, உங்களுக்குப் புரியும்.

இதுக்குள்ள நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கு. முழு கம்ப்யூட்டர்னே வெச்சுக்கோங்க. முதல் தடவை கரண்ட் குடுத்து எழுப்பினதும் இது செய்யற முதல் வேலை, தனக்குன்னு ஒரு ரகசிய எண்ணை உண்டாக்கிக்கறது. அந்த எண்தான் சாவி. நீங்க போனைக் காட்டினா திறக்குது பாருங்க, அது அந்த எண்ணை வெச்சுத்தான். இப்ப நீங்க சாவிக்குப் பல்லு வெட்டறீங்கல்ல, எதிர்வீட்டுச் சாவி மாதிரியே வெட்டினா உங்களை அடிக்க வருவாங்கல்ல? அதே கதைதான். ஒவ்வொரு பூட்டுக்கும் எண் வேற வேறயா வரணும், எவனாலயும் ஊகிக்க முடியாததா இருக்கணும்.

ஆனா இந்த ஜடத்துக்கு சொன்னதைச் செய்யத்தான் தெரியும். ஏதாவது ஒரு எண்ணை நினைச்சுக்கோன்னா அதுக்கு நினைக்கத் தெரியாது. அதனால நாங்க என்ன பண்ணுவோம்னா, வெளியில நடக்கற தாறுமாறைப் பொறுக்குவோம். ரெண்டு மணிக்கு வர்றேன்னீங்க, வந்தீங்க. ஆனா டாண்ணு ரெண்டுக்கா வந்தீங்க? கொஞ்சம் முன்ன பின்ன. அந்த முன்னபின்னதான் எங்களுக்குச் சரக்கு. சிப்புக்குள்ள ஒரு கவுண்டர் ஓடிக்கிட்டே இருக்கும், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கோடிக்கணக்குல கூட்டிடும். ஒருத்தர் பட்டனை அமுக்கறாங்க, காத்துல ஒரு சிக்னல் வருது, மெமரியில எதையோ எழுதி முடியுது. ஒவ்வொண்ணு நடக்கறப்பவும் அந்தக் கவுண்டர் எவ்வளவு காட்டுதுன்னு எட்டிப் பாத்துக்குவோம். கடைசி இலக்கமெல்லாம் என்னவா இருக்கும்னு எந்தக் கொம்பனாலயும் சொல்ல முடியாது. அதையெல்லாம் ஒரே அண்டாவுல கொட்டி கலக்கு கலக்குன்னு கலக்கினா நமக்கு ஒரு எண் கெடைக்கும். ஆபரேட்டிங் சிஸ்டத்தோட அடிவயித்துல, கெர்னல்னு சொல்வாங்க, அங்க ஒரு மூலையில நடக்குது இந்த வேலை. அந்த மூலை என்னோடது. என் வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார், அவர் கூட்டாளிங்ககிட்ட சொல்வாராம், என் பொண்டாட்டி குழப்பத்தைப் பொறுக்கிச் சம்பளம் வாங்கறவன்னு. சொல்லட்டும், நிஜம்தானே.

தண்ணி வேணுமா? இருங்க, கொண்டு வர்றேன். இந்தாங்க.

எங்கே விட்டேன்? ம், சிப்பு. பழைய சிப்புல கவுண்டர் இருந்துச்சு. கம்பெனியில மலிவா ஒரு சிப்பைப் பிடிச்சாங்க. அதுல கவுண்டரே கெடையாது. அது ஒண்ணும் பெரிய குத்தமில்லைங்க, வெளியில இருக்கற டைமர் கியமரை வெச்சு சமாளிக்க வழி இருக்கு, கொஞ்சம் மெனக்கெடணும். அந்தப் புது சிப்புக்கு எங்க சமாச்சாரத்தையெல்லாம் ஏத்தற வேலை என் தம்பிக்கு. வீட்டுல சின்னவன்னுதான் கூப்பிடுவோம். நான்தான் கம்பெனியில சேத்துவிட்டேன். அப்பா போனப்ப அவன் டவுசர் போட்ட பையன், என் சம்பளத்துலதான் படிச்சான். இதைச் சொல்லிக்காட்டக் கூடாது, சொல்லிக்காட்டவும் மாட்டேன், உங்ககிட்ட சொல்றேன் அவ்வளவுதான்.

கவுண்டர் இல்லாத சிப்புகிட்ட போய் கவுண்டர் எவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்லும்? நாம எழுதிக் குடுத்ததைச் சொல்லும். பொதுவா இந்தத் தொழில்ல இருக்கறவங்க அந்த எடத்துல பூஜ்யம்னு எழுதி வெச்சுட்டுப் போயிடுவாங்க. அதுதான் இதுல இருக்கற விஷம். எவ்வளவுன்னு கேட்டா பூஜ்யம்னு பவ்யமா சொல்லும். என்கிட்ட கவுண்டர் இல்லைம்மா, என்னை நம்பாதேன்னு சொல்லாது. இந்தப் பக்கம் கலக்கறவனும் வந்த பூஜ்யத்தையெல்லாம் சரக்குன்னு நினைச்சு அண்டாவுல கொட்டிக்கிட்டே இருப்பான். நிரம்பிடுச்சுன்னு கணக்கும் காட்டுவான். இந்தக் கூத்து நடக்கும்னு தெரிஞ்சுதான் நான் ஒரு சோதனை வெச்சிருந்தேன். கவுண்டரை அடுத்தடுத்து ரெண்டு தடவை கேப்பேன். ரெண்டு தடவையும் ஒரே எண் வந்துச்சுன்னா பூட்டு எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. சிவப்பு விளக்கு எரிஞ்சு அங்கயே படுத்துடும்.

சின்னவன் பூஜ்யம்னு எழுதலை. போன தடவை சொன்னதோட ஒண்ணைக் கூட்டிச் சொல்லுன்னு எழுதியிருக்கான். முதல் தடவை கேட்டா ஒண்ணு. அடுத்தது கேட்டா ரெண்டு. அப்புறம் மூணு. நேரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எத்தனை தடவை கேட்டேன்னு கேட்டவளுக்கே திருப்பிச் சொல்லுது. ஆனா ரெண்டு எண்ணும் ஒண்ணா இல்லைல்ல? என் சோதனை அதைப் பாத்துட்டு ஆகா, பிரமாதம், போயிட்டு வாப்பான்னு கதவைத் திறந்து விட்டுடுச்சு. தொழிற்சாலையில எல்லாப் பூட்டையும் ஒரே மேஜையில வெச்சு ஒரே மாதிரி எழுப்பறாங்க. எல்லாத்துக்கும் ஒண்ணு ரெண்டு மூணு. எல்லாத்துக்கும் ஒரே சாவி.

ஆமாங்க. ஊரு பூரா ஒரே சாவி.

அப்படிப் பாக்காதீங்க. எப்படித் தெரிஞ்சுதுன்னா, இந்த வீட்டுலதான் தெரிஞ்சுது. இதோ, நீங்க உக்காந்திருக்கற இந்த வாசல்ல. மேல் மாடியில ஒரு மனுஷர் இருக்கார், பல் டாக்டர், பாவம், ஈ எறும்புக்குக்கூட கெடுதல் நினைக்காதவர். போன்ல பேசிக்கிட்டே லிஃப்ட்ல ஏறியிருக்கார், ஒரு மாடி முன்னாடியே இறங்கிட்டார். இந்த மாடிக் கட்டடத்துல எல்லாக் கதவும் ஒரே நிறம், உங்களுக்கே தெரியும், நீங்களே பக்கத்து வீட்டைத்தானே முதல்ல தட்டினீங்க. அவர் வீட்டுலயும் எங்க கம்பெனிப் பூட்டுதான், வழக்கம்போல போனைக் காட்டியிருக்கார். திறந்துடுச்சு. செருப்பைக் கழட்டிட்டு, பேசிக்கிட்டே உள்ள வந்துட்டார். என் பொண்ணு அந்த மேஜையில உக்காந்து கணக்கு போட்டுக்கிட்டு இருந்தா. தனியா.

பதிமூணு வயசு. இல்லைங்க, ஒண்ணும் ஆகலை. அவர்தான் அவளைவிடப் பதறிப் போயிட்டார். வெளியில ஓடிப்போய் படிக்கட்டுல உக்காந்துட்டார். நான் வர்ற வரைக்கும் அங்கயே இருந்தார், புள்ளையைத் தனியா விட்டுட்டுப் போக மனசில்லாம. நான் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுட்டு அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? ஏம்மா, உங்க பூட்டு என் போனுக்கு எப்படிம்மா திறந்துச்சு? இந்த உலகத்துல அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவேண்டிய ஆளு நான்.

ஒண்ணும் ஆகலைன்னு எல்லாரும் சுலபமா சொல்லிடறாங்க. அவ இப்ப குளிக்கப் போனாலும் நான் கதவுக்கு வெளியில நின்னு பேசிக்கிட்டே இருக்கணும். ஸ்கூல் விட்டா நேரா வீட்டுக்கு வர்றதில்லை, நான் போற வரைக்கும் அங்க லைப்ரரியிலயே உக்காந்திருக்கா. படுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கதவுக்கு நாற்காலி முட்டுக் குடுக்கறா. எங்கம்மா செஞ்ச பூட்டுன்னு ஸ்கூல்ல பீத்திக்கிட்டவ.

அந்தக் குட்டை ஸ்க்ரூ வேண்டாம்ங்க, நீளமா இருக்கறதையே போடுங்க. பின்னாடி வந்தாலும் பரவாயில்லை. அழகு யாருக்கு வேணும்.

மறுநாளே ஆபீஸ்ல போய் நான்தான் சொன்னேன். வேற எவனும் கண்டுபிடிச்சுச் சொல்லலை. நானே சொல்லி, நானே தோண்டி, அந்த ஒண்ணு ரெண்டு மூணை நானே கண்டுபிடிச்சேன். யாரு எழுதினதுன்னு பாத்தா சின்னவன். எங்க மேனேஜருக்கு நாங்க வெச்ச பேரு நாளைக்கு. எதைக் கேட்டாலும் நாளைக்குப் பாக்கலாம்மாம்பார். அன்னைக்கு மட்டும் மனுஷர் அப்பவே ஆரம்பிச்சுட்டார். என்னம்மா, தாறுமாறு உங்க பகுதி, சோதனையும் உங்களோடது, பிடிச்சிருக்கணும், பிடிக்கலையே? தீயை அணைக்க வந்தவளைப் பிடிச்சு நீதானே பத்த வெச்சேன்னு கேட்ட கதை. சரி, மேல இருக்கறவங்களுக்கு ஒரு தலை வேணும். என் தலை பக்கத்துல இருந்துச்சு.

சின்னவனைக் கேக்காம இருப்பேனா? அன்னைக்குச் சாயங்காலமே வந்தான். இதோ அந்த சோபாவுல உக்காந்து ஓன்னு அழுதான். அக்கா, முதல் நாள் சிப் போர்டை எழுப்பிப் பாக்கறதுக்காக ஒரு நாளைக்கு மட்டும்னு போட்டேன், உன் சோதனை குறுக்க நின்னுச்சு, அதைத் தாண்டறதுக்கு ஒண்ணைக் கூட்டிவிட்டேன், அப்புறம் மாத்தணும்னு இருந்தேன், மறந்தே போச்சுன்னான். நீ சொல்லித்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சுன்னான்.

நம்பினேன். ஏன் நம்பக் கூடாது? இது எங்க தொழில்ல நடக்கறதுதான். எழுப்பிப் பாக்க எதையோ முட்டுக் குடுக்கறது, எடுக்க மறந்துடறது. நானே செஞ்சிருக்கேன், செய்யாதவன் பொய் சொல்வான். மறதிக்கு மருந்தில்லை. திட்டினேன், நல்லாத் திட்டினேன். அப்ப என் பொண்ணு உள்ள இருந்து வந்து நின்னா. மாமா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. அவன் எழுந்திரிச்சு அவ தலையில கையை வெச்சான். உன் மேல சத்தியமா எனக்குத் தெரியாதுடா கண்ணுன்னான். அவ தலையை அசைச்சுட்டு உள்ள போயிட்டா.

அப்புறம் எங்கம்மா. குழந்தை பொறந்ததுலேந்து அவங்க அவன்கூடத்தான் இருக்காங்க. போன்லகூட சொல்லலை, பஸ் பிடிச்சு நேர்ல வந்தாங்க. வந்து, நீ தாங்குவடி, அவன் தாங்க மாட்டான், கைக்குழந்தை வேற, அதுவும் குறைமாசத்துல பொறந்து இன்னும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையற குழந்தை, இப்ப அவனுக்கு வேலை போனா அந்தக் குடும்பம் என்ன ஆகும்னாங்க. எனக்கு வேலை போனா என்ன ஆகும்னு கேக்கலை. சின்ன வயசுலேந்தே அப்படித்தான். நான் கீழே விழுந்தா, பாத்து வரக்கூடாதாம்பாங்க. அவன் விழுந்தா தரையை அடிப்பாங்க.

இருந்தாலும் ஒத்துக்கிட்டேன். மறந்துட்டான், தெரிஞ்சு செய்யலை, கூடப்பொறந்தவன், கைக்குழந்தைக்காரன். மறதிக்காக ஒருத்தன் வாழ்க்கை அழியணுமான்னு நினைச்சேன். எனக்கும் என் வீட்டுக்காரர் சம்பளம் இருக்கு, எப்படியோ ஓட்டிக்கலாம். தெரிஞ்சேதான் விட்டேன்னு சொன்னா அது என்னோட முடிஞ்சுடும், சின்னவன் பேரே வராது. எங்க மேனேஜர் நாளைக்குதான் அந்த யோசனை குடுத்தார். அவருக்கும் சுலபம்ல.

பசை காஞ்சுடுச்சா? சரி, துளை போடுங்க. நீங்க போட்டு முடிங்க, நான் அப்புறம் பேசறேன். சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

முடிஞ்சுதா? சாவியைத் திருப்பினா நாக்கு உள்ள எவ்வளவு தூரம் போகுது? அடேயப்பா. நல்ல கனம். ஆமா, கையில பிடிக்கறப்பவே ஒரு தெம்பு வருது.

இந்த எலக்ட்ரானிக் பூட்டை இங்க மாட்டினதும் சின்னவன்தாங்க. நான் கேக்கவே இல்லை. வேலை பாக்கற எடத்துப் பூட்டை வீட்டுலயும் பாக்கணுமான்னு நான் சாதாப் பூட்டோடதான் இருந்தேன். அவன் பொண்டாட்டிக்கு மாசம் ஆகறதுக்கு முன்னாடியே வலி வந்துடுச்சு. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டாங்க, அவளுக்கு எழுந்திரிக்க முடியலை. அம்மாவுக்கு முட்டி வலி, ஆஸ்பத்திரியில படுக்க முடியாது. நான்தான் போய்க் கெடந்தேன். பகலெல்லாம் இங்க பொண்ணு தனியா இருப்பாளேன்னு சொன்னேன். கவலையே படாதேக்கா, நம்ம பூட்டை மாட்டித் தர்றேன், யாரு வர்றா போறான்னு உன் போன்லயே தெரியும், நீ பாட்டுக்கு குழந்தையைப் பாத்துக்கோன்னு அவனே வந்து மாட்டினான். எனக்கு அப்ப கண்ணே கலங்கிடுச்சு. பொறுப்பா வளத்திருக்கோம்னு நினைச்சேன்.

இன்னும் எவ்வளவு இருக்கு வேலை? நிலையில தகடு மட்டும்தானா.

அண்ணே, உங்களை எப்படிக் கண்டுபிடிச்சேன்னு நீங்க கேக்கவே இல்லை. இந்தத் தெருவுலயே பூட்டுக் கடை இருக்கு. ஊருக்கு அந்தக் கோடியிலேந்து உங்களை எதுக்கு வரச்சொன்னேன்னு நினைச்சிருப்பீங்க. நேத்து குழந்தையைப் பாத்துட்டு வரலாம்னு சொல்லாம கொள்ளாம சின்னவன் வீட்டுக்குப் போனேன். எப்பவும் சொல்லிட்டுத்தான் போவேன். போனா கதவைத் திறந்து வெச்சுட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருப்பான். அக்கா வர்றான்னு நிக்கறான், எவ்வளவு பாசம் பாருன்னு நானும் நினைச்சுக்குவேன். நேத்துதான் அந்தக் கதவு சாத்தியிருந்து நான் பாத்தேன். மேல எங்க கம்பெனிப் பூட்டு, பளபளன்னு. அதுக்குக் கீழே ஒரு இரும்புப் பூட்டு.

தம்பி பொண்டாட்டி திறந்தா. இது எப்படா மாட்டினதுன்னு அவனைக் கேட்டேன். நீ சொன்னப்புறம்தான்க்கா, போன வாரம், பயமாயிடுச்சுன்னான். நியாயம்தானே? நானே இன்னைக்கு மாட்டறேன். ஆனா சாவித் துளையைச் சுத்தி இருக்கற பித்தளை வளையம், கை பட்டுப் பட்டு கறுத்துக் கெடந்துச்சு. ஒரு வாரத்துல அப்படிக் கறுக்குமா? எனக்குத் தெரியாது, நான் பூட்டுக்குள்ள இருக்கறதை மட்டும் பாக்கறவ. அவன் குளிக்கப் போனப்ப அவகிட்ட, நல்ல பூட்டும்மா, எனக்கும் ஒண்ணு மாட்டணும், யாரு மாட்டினதுன்னு கேட்டேன். அது ஒரு வெள்ளந்தி. சந்தைக்கு எதுத்தாப்புல கடை வெச்சிருக்கற அண்ணன், ரொம்ப நல்ல மனுஷர்னு உங்க நம்பரைக் குடுத்தா.

வந்ததுமே கேட்டிருக்கலாம். வாய் வரலைங்க. நீங்க போன வாரம்னு சொல்லிடணும், சொல்லிடணும்னு இருந்துச்சு. அதான் ஊர்க்கதையெல்லாம் பேசிக்கிட்டு உக்காந்திருந்தேன். இப்ப கேக்கறேன், இதோ போன்ல அவங்க போட்டோ, பாத்து யோசிச்சுச் சொல்லுங்க. அந்த வீட்டுல பூட்டு மாட்டப் போனீங்களே, தம்பி பொண்டாட்டி உங்களுக்குத் தண்ணி கிண்ணி ஏதாவது குடுத்தாளா?

குடுத்தாளா.

இடுப்புல கையை வெச்சுக்கிட்டு. நிறைமாசம் மாதிரி இருந்தாளா. நீ ஏம்மா எழுந்து வர்றேன்னு நீங்களே சொன்னீங்களா. நல்லா ஞாபகம் இருக்கா? வேற வீடா இருக்கப் போகுது, நல்லா யோசிங்க. மேல ஒரு பூட்டு இருக்கறப்ப இன்னொண்ணு எதுக்கு சார்னு நீங்க கேட்டீங்க. சரி. அதுக்கு அவன் என்ன சொன்னான்?

இன்னொரு தடவை சொல்லுங்க.

என் பொண்டாட்டி வீட்டுல தனியா இருப்பா, இதை நம்பி விட முடியாதுன்னான். சரிங்க. சரி.

இல்லைங்க, ஒண்ணுமில்லை. நான் நல்லாத்தான் இருக்கேன். அவன் பொண்டாட்டிக்கு வயித்துல குழந்தை இருக்கறப்ப இதை நம்ப முடியாது. அந்தக் குழந்தையைப் பாத்துக்க நான் போனப்ப, என் பொண்ணுக்கு இது போதும். இதையே கொண்டாந்து அவன் கையால மாட்டிட்டுப் போயிருக்கான். அப்புறம் அவ தலையிலயே கையை வெச்சிருக்கான். வேலையென்ன பெரிய வேலை, அதை நான் எப்பவோ விட்டுக்குடுத்துட்டேன். இதை எப்படிங்க விட்டுக்குடுக்கறது?

இருங்க, லிஃப்ட் வர்ற சத்தம். மூணரை ஆகப் போகுதுல்ல, அவனாத்தான் இருக்கும். இல்லை, இல்லை, நீங்க எதுக்குச் சாமானை எடுத்து வைக்கறீங்க? அப்படியே கதவுகிட்ட நில்லுங்க. உங்களை நான் எதுலயும் இழுத்து விட மாட்டேன், ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவன் உங்க முகத்தைப் பாக்கணும், அவ்வளவுதான்.

வாடா சின்னவனே. நேரமாச்சா? வா, உள்ள வா. ஏன்டா அங்கயே நின்னுட்டே?